சடக்கு யாருக்கு?

ஒரு தெருவை அகலப்படுத்த வேண்டுமென்று அதிகாரிகள் திட்டம் தீட்டுவதும், அத்தெருவில் குடியிருப்போர் ஒன்றுகூடி அது வேண்டாமென்று மனுச் செய்துகொள்வதும் இன்று உலகின் எந்த மூலையிலும் காணக்கூடிய காட்சியாகிவிட்டன. மனுச் செய்வோரை ‘முன்னேற்றத்தின் பகைவர்’ என்று ஒரு சாரார் பழிக்கின்றனர். ‘தெரு தெருவாருக்கே உரியது, அவர் சொல்லே முடிவு’ என்று மற்றொரு சாரார் வாதிக்கின்றனர். இவ்விரண்டில் எதையும் அப்படியே ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை. ஏன்? தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்த சமூகம் நம்முடையது. தெருவார் சொல்லே முடிவென்றால், நம்மில் பலருடைய பாட்டன்மார் இன்றளவும் ஊருக்குப் புறத்தே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். சாலை போடுகிறவர் சொல்லே முடிவென்றாலோ, லயத்துப் பிள்ளை வருகிற மோட்டார்களுக்கெல்லாம் வழிவிட்டுக் கால்வாயில் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

ஆகவே, தெருவாரின் ஆட்சேபணையில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்தறிய நமக்கு ஓர் அளவுகோல் தேவை. அவ்வளவுகோலைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. நம்மவர் உழைத்து வாழ்ந்த கேமரன் மலைச் சடக்கின் சரித்திரத்திலிருந்தே தொடங்கலாம்.

மலைக்கு வழி வந்த கதை

1885ஆம் ஆண்டில் பேராக், பகாங் எல்லைப்புறத்தை அளக்கச் சென்ற வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர், மலைமீது பரந்ததோர் உயர்நிலம் இருப்பதை அறிவித்தார். அவர் பெயரே அம்மலைக்கு நிலைத்தது. ஆயினும் அடுத்த 40 ஆண்டுகளுக்கு அங்கே ஒராங் அஸ்லி மக்களின் காட்டுப் பாதைகளைத் தவிர வேறு வழி இல்லை. 1925இல் மலாய் ஐக்கிய நாடுகளின் பிரதம காரியதரிசியாயிருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் அவ்விடத்தைப் பார்வையிட்ட பின்னரே, அதனை வெள்ளையர் இளைப்பாறும் மலைவாசத்தலமாகவும், தேயிலை, காய்கறி விளையும் நிலமாகவும் ஆக்கும் யோசனை உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலை 1920களின் பிற்பகுதியில் வெட்டப்பட்டு, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் முடிவுபெற்றது. தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

சாலை வந்தது, அதன் பின்னே தேயிலை வந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய மில்ன் என்னும் துரை அவருக்குத் துணைநின்றார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. இலங்கையிலும் நீலகிரியிலும் நடந்ததே இங்கும் நடந்தது. துரைக்குக் குன்றின் உச்சியில் பங்களா. கிராணிக்கு அதற்குக் கீழே வீடு. கொழுந்து பறிப்போருக்குப் பள்ளத்தில், சாலையோரத்தில் லயம். வீடுகளின் வரிசையைப் பார்த்தே மனிதரின் வரிசையை அறிந்துகொள்ளலாம். துரையின் பங்களாவிலிருந்து பார்த்தால் சாலை கீழே ஓடும் ஒரு கோடு. லயத்து வாசலிலிருந்து பார்த்தாலோ, அதுவே முற்றம், அதுவே பிள்ளைகள் ஓடியாடும் வெளி, அதுவே பள்ளிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போகும் ஒரே வழி.

மலாயாவின் பொதுமராமத்து இலாகாவிலும் ரயில் பாதையிலும் கல்லுடைத்தவர்களில் தமிழர் பெருந்தொகையினர் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ‘சடக்கு’ என்ற சொல்லே அவர்கள் வாயில் வழங்கி இந்நாட்டுத் தமிழாக நின்றுவிட்டது. சடக்கை உண்டாக்கினவர்கள் அவர்கள். அதில் எப்படி நடக்க வேண்டுமென்று சொன்னவர்கள் வேறு பேர்.

சைக்கிளிலிருந்து இறங்கு!

தோட்டத்துச் சாலை பொதுச்சாலை அன்று. அது தோட்டத்தின் உடைமை, அதன் வாயிலில் கதவு, கதவில் காவல். உறவினர் பார்க்க வந்தாலும் உத்தரவு வேண்டும். உள்ளே நடப்பதற்கும் ஒரு விதி இருந்தது. சைக்கிளில் போகிற தொழிலாளி, எதிரே துரையோ மேல் உத்தியோகஸ்தரோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும்.

இதனை நாம் கற்பனையாகக் கூறவில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் செய்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்கு மானக்கேடு இழைப்போரை அகற்றல் ஆகிய கோரிக்கைகளோடு வேறு இரண்டும் அதில் இருந்தன. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது ஒன்று. துரைக்கும் அவர்தம் சிப்பந்திகளுக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமென்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வியக்கத்தின் தலைவராயிருந்த ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர்நீத்தனர்.

அரை வயிற்றுக் கூலிக்காரன் கூலியோடு சேர்த்துச் சைக்கிளைப் பற்றியும் ஏன் கேட்டான்? வீதியில் எவன் யாருக்கு ஒதுங்க வேண்டும் என்பது மானத்தைப் பற்றிய கேள்வி என்பதை அவன் அறிந்திருந்தான். அது புத்தகத்தில் படித்தறிந்ததன்று. ஒவ்வொரு நாளும் இறங்கி நின்று அறிந்தது.

தெருவாரின் மற்றொரு முகம்

இனி, கடலுக்கு அப்பால் நம்மவர் புறப்பட்டு வந்த தேசத்தைப் பார்ப்போம். 1924 மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்து வைக்கத்தில் ஒரு சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அவர்கள் கேட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமையைக்கூட அன்று. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமையை மட்டுமே. நாயும் பன்றியும் போகும் வீதியில் ஈழவரும் புலையரும் போகக் கூடாதென்று பலகை நட்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஈ. வெ. ராமசாமி சென்று இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் அப்போராட்டத்தில் கலந்துகொண்டார். 1925 நவம்பரில், கோயிலின் கிழக்குப்புறம் நீங்கலாக மற்ற வீதிகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. அதே 1924இல், பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தி அக்கிரகாரத்தில் தேர்த் திருவிழாவின்போது நுழைந்த ஈழவர் தாக்கப்பட்டனர். அதே ஆண்டில், சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன், பொது வீதியிலும் பொதுக் கிணற்றிலும் எவ்வகுப்பாரையும் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார்.

அக்காலத்து அக்கிரகாரத்தார் சொன்ன காரணங்களை நினைத்துப் பாருங்கள். ‘இது எங்கள் குடியிருப்பு, அந்நியர் புகுந்தால் அமைதி கெடும், எங்கள் பழக்கவழக்கம் பாழாகும்’ என்றனர். இன்று செல்வர் குடியிருக்கும் தெருக்களில் கதவு போட்டுக் காவல் வைப்போர் கூறுவதும் ஏறத்தாழ இதுவே. சாதி என்ற சொல் மட்டும் அங்கே வாயில் வராது.

இங்கேதான் நாம் தேடிய அளவுகோல் கிடைக்கிறது. தெருவாரின் ஆட்சேபணை நடப்பவனைத் தடுக்கிறதா, நடப்பவனைக் காக்கிறதா? ‘இம்மனிதன் இங்கே வரக் கூடாது’ என்பது ஆட்சேபணையாயின், அதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது வைக்கத்துப் பலகையே. ‘இந்த வேகமும் இந்தப் பாரமும் இங்கே வந்தால் எங்கள் பிள்ளை சாவான்’ என்பது ஆட்சேபணையாயின், அது சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவனின் குரலே.

அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

கேமரன் மலையில் இன்று பள்ளி விடுமுறையிலும் பெருநாட்களிலும் மோட்டார்கள் எறும்பு வரிசையாய் ஊர்வதை அறியாதார் இல்லை. பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு ஏறும் சாலை ஒரு வண்டி போகவே அளவெடுத்தது போன்றது. போ தோட்டத்துக்குச் செல்லும் சாலையும் அத்தகையதே. அவை கொழுந்து லாரிக்காகவும் துரையின் காருக்காகவும் வெட்டப்பட்டவை. இப்போது தேயிலைக் குன்றைப் படம்பிடிக்க வருவோரும் காய்கறி ஏற்றுவோரும் அதே வழியில் நெருக்குகின்றனர். ‘அகலப்படுத்து’ என்ற குரல் எழுவது இயற்கையே.

ஆனால் சரித்திரம் என்ன சொல்லுகிறது? மலைக்குத் தாப்பாச் சாலை ஒன்றே இருந்தபோது, இரண்டாம் வழி வந்தால் இடர் தீருமென்றனர். 2000ஐ அடுத்த ஆண்டுகளில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அகன்ற சாலை வந்தது. ஈப்போ பக்கத்திலிருந்து மலை ஏறுவது எளிதாயிற்று. எளிதானவுடன் ஏறுவோர் பெருகினர். விடுமுறை நாள் நெரிசல் இன்னும் ஒழியவில்லை. இது கேமரன் மலைக்கு மட்டும் உரிய விதியன்று. லண்டனைச் சுற்றி 1986இல் முடிக்கப்பட்ட வட்டச் சாலை, எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே வண்டிகளால் நிறைந்தது. புதிய சாலை புதிய போக்குவரத்தை உண்டாக்கும் என்பதைப் பிரிட்டிஷ் அரசாங்கம் அமைத்த ஆலோசனைக் குழுவே 1994இல் ஒப்புக்கொண்டது. கிணற்றை ஆழப்படுத்தினால் நீர் பெருகுவதுபோலச் சாலையை அகலப்படுத்தினால் வண்டி பெருகுகிறது.

அகலத்தோடு வேகமும் வருகிறது. வண்டியின் வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்பட்டவன் பெரும்பாலும் பிழைப்பான். 60இல் மோதப்பட்டவன் சாகும் அபாயம் அதனினும் மிகப் பெரிது. 2010 டிசம்பர் 20ஆம் நாள், அந்தச் சிம்பாங் பூலாய்ச் சாலையில் தாய்லாந்து யாத்திரிகர் வந்த பஸ் கவிழ்ந்து 27 பேர் மாண்டனர். இத்தகைய சாவுகளைத் தலைவிதி என்று சொல்லிக் கற்பூரம் கொளுத்திவிட்டு வீடு திரும்பும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். வளைவு, சரிவு, வேகம், தடுப்புச்சுவர் ஆகியவற்றைப் பிரமன் எழுதுவதில்லை. அவற்றை மனிதர் காகிதத்தில் வரைகின்றனர். மனிதர் வரைந்ததை மனிதர் திருத்தலாம்.

மலைச்சாலைக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. சமவெளியில் அகலப்படுத்த ஓரத்து நிலம் போதும். மலையில் அகலப்படுத்த மலையையே வெட்ட வேண்டும். வெட்டிய சரிவு மழையில் சரியும். சரிகிற மண் பள்ளத்தை நோக்கியே வரும். பள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் பங்களா அன்று. கெந்திங், பிரேசர் மலை, கேமரன் மலை ஆகிய மூன்றையும் மலைமுகட்டு வழியே இணைக்க 1990களில் எழுந்த சாலைத் திட்டத்தை இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இக்காரணம் பற்றியும், காடும் நீர்ப்பிடிப்பும் அழியுமென்பது பற்றியும் எதிர்த்தனர். 1997இல் வந்த பொருளாதார நெருக்கடியில் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது.

குரலுள்ள தெருவும் குரலற்ற தெருவும்

சமவெளி நகரங்களில் தெருவார் வென்ற கதைகளும் உண்டு. 2014இல் பெட்டாலிங் ஜெயா வாசிகள் தங்கள் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அருகே வரவிருந்த ‘கிடெக்ஸ்’ நெடுஞ்சாலையை எதிர்த்துக் கிளர்ந்தனர். 2015இல் சிலாங்கூர் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் அந்நகரின் ஊடே வரவிருந்த மற்றொரு நெடுஞ்சாலையும் 2023இல் கைவிடப்பட்டது. கூட்டம் கூட்டத் தெரிந்தவர், பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவர், சட்டம் அறிந்தவர் ஆகியோர் அங்கே இருந்தனர். அவர்கள் வென்றது நன்றே.

ஆனால் குரலுள்ள தெரு தப்பிக்கும்போது, குரலற்ற தெருவின் தலையில் பாரம் இறங்குவதுண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இது கண்கூடாக நடந்தது. பழம்பெருமை வாய்ந்த பிரெஞ்சுக் குடியிருப்பின் ஆற்றங்கரையில் நெடுஞ்சாலை போடும் திட்டம், செல்வாக்குள்ளோரின் எதிர்ப்பால் 1969இல் கைவிடப்பட்டது. அதே நகரில் கறுப்பர் கடை வைத்து வாழ்ந்து, திருவிழாக் கொண்டாடிய கிளெய்போர்ன் வீதியிலோ, 1966இல் வரிசையாய் நின்ற ஓக் மரங்களை வெட்டி வீழ்த்தி, அவர்கள் தலைக்கு மேலேயே நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம். பேதம் எங்கே? கேட்கப்பட்டவர் யார், கேட்கப்படாதவர் யார் என்பதில்.

தெருவில் வண்டி பெருகினால் உயிருக்கு மட்டுமா சேதம்? 1960களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்னும் பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரேமாதிரியான மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள், மற்றொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் வாழ்ந்தவருக்கு இருந்த நண்பரில் மூன்றில் ஒரு பங்கே வண்டி மிகுந்த தெருவாருக்கு இருந்தனர். திண்ணையும் வாசலும் இருந்தும், எதிர்வீட்டாரோடு பேச்சு நின்றது. லயத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பத்தடி அறையில் குடும்பம் நடத்துவோர் வாசலில்தான் வாழ்கின்றனர். மாலையில் தலைவாரிப் பின்னுவதும், சண்டை தீர்ப்பதும், கலியாணம் பேசுவதும் அங்கேதான். அந்த வாசலின் முன்னால் வண்டி பெருகினால் ஊரே அறைக்குள் முடங்கிவிடும்.

யாரைக் கேட்பது?

இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது? 1976ஆம் ஆண்டு நகர் நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி, சில இடங்களில் ஒரு கட்டட வேலைக்கு அனுமதி கேட்கப்படும்போது, அண்டை நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் ஆட்சேபணை சொல்லலாம். ‘உரிமையாளர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கும் அந்த லயம் உரிமையன்று. வேலை உள்ளவரைக்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஆகவே அண்டை நிலத்தார் என்றால் தோட்டக் கம்பெனியே. சாலை அவன் வாசலில். அறிவிப்பு கம்பெனியின் காரியாலயத்தில்! இன்று நம்மவரோடு லயங்களில் வாழும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முன்பு நம் பாட்டன்மாருக்கு மறுக்கப்பட்டதை அவர்களுக்கு நாம் மறுத்தல் தகாது.

எனினும் அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு வரைவுத் திட்டம் தயாரானால், அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறித்த காலத்திற்குள் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும். அங்கே கருத்துக் கூற நிலப்பட்டா தேவையில்லை. அந்த வரைபடத்தைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் சென்றோம்? கோயில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டீசு அடிக்கும் கை, மாவட்ட மன்றத்துக்கு ஒரு மனு எழுதத் தயங்குவது ஏன்?

மனுவில் எழுத வேண்டியதையும் சொல்லிவிடுவோம். ‘சாலை வேண்டாம்’ என்று நாம் எழுதலாகாது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சாலையே. நம் பெண்மக்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போவதும் சாலையிலேயே. பழைய தனிமையைப் புகழ்வது, தோட்டக் கதவை மறுபடியும் மூடுவதாகவே முடியும். நாம் கேட்க வேண்டுவது, சாலையை அளக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பதே. ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் போகும் என்று அளப்பதற்கு முன்னால், பத்து வயதுப் பிள்ளை ஒன்று தனியே கடந்துபோக முடியுமா என்று அளக்க வேண்டும். லயத்துக்கும் பள்ளிக்கும் முன்னே வேகம் அடங்க வேண்டும். நடப்போருக்கு மேடான நடைபாதை வேண்டும். வளைவில் தடுப்புச்சுவரும் வெட்டிய சரிவுக்குக் கல்கட்டும் வேண்டும். கூட்ட நாட்களில் யாத்திரிகரின் கார்களைக் கீழே நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோகும் ஏற்பாடு வேண்டும்.

இவை நடவாத காரியமென்று சொல்வோர் ஹாலந்து தேசத்தைப் பார்க்கட்டும். 1971ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டின் வீதிகளில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கி, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பதையே தங்கள் இயக்கத்துக்குப் பெயராக வைத்தனர். ஆம்ஸ்டர்டாமில் ஏழைத் தொழிலாளர் குடியிருந்த டெ பைப் பகுதியில், பிள்ளைகளே தெருவை மறித்து விளையாட இடம் கேட்டனர். இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடாக அதனை உலகம் அறியும். அப்பெருமை அரசாங்கம் தானாகக் கொடுத்ததன்று, கேட்டு வாங்கியது.

அங்கே சைக்கிளில் போகிறவனுக்குக் கார் ஒதுங்கி நிற்கிறது. இங்கே 1941இல், சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. துரைகள் போய்விட்டார்கள்; ஆனால் லயத்துப் பிள்ளை சடக்கோரத்தில் இன்றும் ஒதுங்கி நிற்கிறது. எதிரே வருவது துரையா, வாரயிறுதிக்கு மலை ஏறும் நம்மவரின் காரா என்பது அப்பிள்ளைக்கு ஒன்றே. நகரத்தில் வாழும் அன்பர்கள் அடுத்தமுறை தேயிலைக் குன்றைப் பார்க்கப் போகும்போது, லயத்துக்கு முன்னால் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்களாக. தோட்டத்தில் வாழும் அன்பர்கள், அடுத்த வரைபடம் மேசைமீது விரிக்கப்படும்போது, அழைப்புக்குக் காத்திராமல் சென்று அதன் முன்னே நிற்பார்களாக.